கிழக்குக் கடற்கரைச் சாலையில் குழந்தைகளோடு கோடைப் பயணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 மே மாதம், பள்ளி விடுமுறைக் காலம். சென்னையில் வசிக்கும் ஒரு குடும்பம் கடற்கரையை ஒட்டியே ராமேஸ்வரம் வரை சொந்தக் காரில் போய்வர நினைத்தது. அப்பா, அம்மா, ஒன்பது வயதுப் பெண், நான்கு வயதுப் பையன், அப்பாவைப் பெற்ற பாட்டி என்று ஐந்து பேர். பாட்டிக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. ஐந்து பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன கார். ஓட்டுபவர் அப்பா ஒருவர்தான். அம்மாவிடம் உரிமம் இருந்தும் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லை.

திட்டம் போடும்போது நான் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பயணத்தில் கூடப் போகவில்லை. அம்மா அன்றன்று எழுதி வைத்த குறிப்புகளையும் இரவில் தொலைபேசியில் பேசியதையும் வைத்து, அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். குழந்தைகளோடு இந்தச் சாலையில் கிளம்பும் அடுத்த குடும்பத்துக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

அவர்களே போட்டு வைத்திருந்த முதல் திட்டம் நான்கு நாள். முதல் நாள் மாமல்லபுரம், புதுச்சேரி பார்த்துவிட்டுச் சிதம்பரத்தில் இரவு. மறுநாள் பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி. மூன்றாம் நாள் கோடியக்கரை வழியாக ராமேஸ்வரம். நான்காம் நாள் காலையில் தனுஷ்கோடி, அப்படியே சென்னைக்குத் திரும்புதல். ராமேஸ்வரத்திலிருந்து சென்னை 550 கி.மீ.க்கு மேல். தனுஷ்கோடியில் காலையைக் கழித்துவிட்டு, ஒரே ஓட்டுநர், இரண்டு குழந்தைகளோடு அவ்வளவு தூரத்தையும் அன்றே கடப்பதாக எழுதியிருந்தார்கள்.

ஆளாளுக்கு ஓர் ஆசை இருந்தது. பாட்டிக்கு ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். அப்பாவுக்குத் தனுஷ்கோடி. பெண்ணுக்குக் கோட்டையும் படகும். பையனுக்கு மணல் கிடைத்தால் போதும். அம்மா தனக்கென்று எதுவும் சொல்லவில்லை. இரண்டு முறை கேட்ட பிறகுதான், “ஒரு நாளாவது எங்கேயும் ஓடாம இருக்கணும்” என்றார். திட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

ஒத்திகையில் கண்டவை

நான்கு நாள் திட்டத்தை அப்படியே விடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை மட்டும் போய்வரச் சொன்னேன். குழந்தைகள் வண்டியில் எப்படி இருக்கிறார்கள் என்பதைக் குறித்து வருவதுதான் அதன் நோக்கம்.

பையன் ஒன்றரை மணி நேரம் வரை நன்றாக இருந்தான். அதற்கு மேல் வண்டிக்குள் வைக்க முடியவில்லை. கையில் செல்பேசி கொடுத்தபோது சற்று நேரத்தில் வாந்தி எடுத்தான். அதை வாங்கி வைத்த பிறகு சரியானான். காலை பத்தரைக்கெல்லாம் பாறைகளில் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறிவிட்டது. பாட்டியால் மணலில் நடக்க முடியவில்லை.

குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. பாட்டி போகும்போதும் வரும்போதும் தலா அரை டம்ளர் தண்ணீர்தான் குடித்திருந்தார். கேட்டதற்கு, “தண்ணி குடிச்சா அப்புறம் எங்க போறது?” என்று பதில் வந்தது. எல்லோரும் அதை வயதானவர்களின் வழக்கமான பேச்சாகக் கேட்டுக் கடந்துபோனார்கள். இந்தப் பயணத்தின் மிக முக்கியமான தகவல் அந்த ஒரு வரிதான் என்பது தரங்கம்பாடியில் தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நாட்கள் நான்கிலிருந்து ஏழாயின. புதுச்சேரியில் இரண்டு இரவு, வேளாங்கண்ணியில் ஒன்று, ராமேஸ்வரத்தில் இரண்டு, திரும்பும் வழியில் திருச்சியில் ஒன்று. விடுதி மாறுவது குழந்தைகளுக்குக் கூடுதல் களைப்பு என்பதால், இரண்டு இடங்களில் இரண்டிரண்டு இரவு தங்குவதை அம்மா வலியுறுத்தினார். புதுச்சேரியின் இரண்டாம் நாளில் காலைக்கு எதுவும் எழுதாமல் காலியாக விட்டோம்.

பூம்புகாரும் கோடியக்கரையும் நீக்கப்பட்டன. கோடியக்கரைக்குப் பறவைகள் கூட்டமாக வருவது குளிர்காலத்தில். மே மாதத்தில் வெளிமான்களைத் தேடி வெயிலில் அலைவதற்குப் பையனின் வயது போதாது. பெண் வருத்தப்பட்டாள். குளிர்காலத்தில் தனியாகக் கூட்டிப்போவதாக அப்பா எழுதியே கொடுத்தார்.

ஓட்டும் நேரம் காலை ஐந்தரை முதல் பத்தரை வரை. பிறகு நான்கு மணி வரை நிழல். அக்னி நட்சத்திரம் நடக்கும் நாட்களில் இதில் பேரம் பேச இடமில்லை என்று நினைத்தேன். கோயில்கள் நண்பகலில் நடை சாத்துவதும் இதோடு ஒத்துப்போனது.

யார் எங்கே உட்காருவது என்பதற்கு நாங்கள் செலவிட்ட நேரம் பலருக்கு வியப்பாக இருக்கும். இந்தக் கடற்கரையில் தெற்கு நோக்கிப் போகும்போது கடலும் காலை வெயிலும் இடப்பக்கம். காலையில் மட்டுமே ஓட்டுவதாக இருந்தால் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள வலப்பக்க இருக்கைதான் நிழல். கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. ஆகவே இருக்கையை மாற்றுவதுதான் வழி. பையனின் குழந்தை இருக்கையை வலப்பக்கம் பொருத்தினார்கள். ஆனால் வலக்கதவு போக்குவரத்தைப் பார்த்துத் திறக்கும். எந்த நிறுத்தத்திலும் பையன் இடக்கதவு வழியாகத்தான் இறங்க வேண்டும், வலக்கதவில் குழந்தைப் பூட்டு எப்போதும் போட்டிருக்க வேண்டும் என்று முடிவானது.

குழந்தை இருக்கை வேண்டுமா என்று பாட்டி கேட்டார். மடியில் வைத்துக்கொண்டால் ஆகாதா என்பது அவர் எண்ணம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டியில் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்பது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. அபராதத்தை விடுங்கள், திடீரென்று பிரேக் போட்டால் மடியில் இருக்கும் குழந்தையை எவராலும் பிடித்து வைக்க முடியாது. இதைச் சொன்னதும் பாட்டி ஒப்புக்கொண்டார்.

கடலுக்கும் ஒரு விதி வைத்தார்கள். வங்கக் கடலைப் பார்த்த கரைகளில், மாமல்லபுரமானாலும் புதுச்சேரியானாலும், குழந்தைகள் கணுக்கால் நனையும் அளவுக்கு மேல் இறங்கக் கூடாது; அதுவும் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். அங்கே கரை சட்டென்று ஆழமாகும், அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்த பெரியவர்களே அங்கே உயிரிழக்கிறார்கள். தண்ணீரில் விளையாட வேண்டுமானால் பாக் நீரிணைப் பக்கம் போன பிறகு. அங்கே கடல் ஆழம் குறைவு, அந்த மாதத்தில் அலையும் அநேகமாக இருக்காது.

முதல் இரண்டு நாட்கள்

கிளம்பியதும் போய்ச் சேர்ந்ததும் திட்டப்படியே நடந்தன. கட்டி எடுத்துப் போன இட்லியை மாமல்லபுரத்தில் சாப்பிட்டு, கடற்கரைக் கோயிலை வெயில் ஏறுமுன் பார்த்தார்கள். மரக்காணத்து உப்பளங்களில் பெண் இறங்கிப் பார்க்கக் கேட்டாள், இறங்கினார்கள். அது திட்டத்தில் இல்லாத நல்ல நிறுத்தம். பதினொன்றுக்குள் புதுச்சேரி.

மாலையில் அங்கே கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. பாட்டிக்கு மணலும் இல்லை, வண்டி பயமும் இல்லை. சமதளத்தில் கடலைப் பார்த்தபடி அவர் நீண்ட தூரம் நடந்ததாகக் குறிப்பில் இருக்கிறது. மணலில் நடக்க முடியாத முதியவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பது நல்லது.

உணவில் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகு மீன் கிடைத்தாலும் வரத்து குறைவு, பனிக்கட்டியில் நாள்பட்ட மீனும் சந்தைக்கு வரும். ஓட்டலில் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாத நிலையில், வழியில் குழந்தைகளுக்கு மீன் வேண்டாம் என்று அம்மா முடிவெடுத்தார். தயிர்சாதமும் இட்லியும் நுங்குமாகப் பயணம் ஓடியது.

தரங்கம்பாடி

மூன்றாம் நாள்தான் இந்த ஆய்வுக்குக் காரணம்.

காலையில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிப் பிச்சாவரம் போனார்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்வந்தது எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் வெளியே வர நேரமாகிவிட்டது. சிதம்பரம் தாண்டியதும் சாலை விரிவாக்க வேலை நடந்த இடங்களில் மாற்றுப்பாதை, புழுதி, ஊர்ந்து போகும் லாரிகள். பத்தரைக்கு நிழலில் இருக்க வேண்டியவர்கள் தரங்கம்பாடியை நெருங்கும்போது மணி ஒன்று.

பையன் அதுவரை அழுதுகொண்டிருந்தான். கடைசி அரைமணி நேரம் அழுகை நின்றுவிட்டது. தூங்குகிறான் என்றுதான் முன்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள். அம்மா தொட்டுப் பார்த்தபோது முகம் சிவந்து, உதடு காய்ந்து, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டான். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று யோசித்தார்கள். காலை ஏழு மணிக்கு முன்.

அங்கே அவர்கள் செய்தது சரியான வரிசையில் நடந்தது என்பது என் கருத்து. கோட்டைக்குப் போகவில்லை, வேளாங்கண்ணி விடுதியை எட்டிப்பிடிக்கவும் விரையவில்லை. குளிரூட்டிய அறை உள்ள முதல் உணவகத்தில் நுழைந்து நடந்ததைச் சொல்லி இடம் கேட்டார்கள். சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்தார்கள். சென்னையில் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை (ஓ.ஆர்.எஸ்.) ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார் அவர். வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டால் சரியாக விழிக்காவிட்டாலோ, கொஞ்ச நேரத்தில் தெளிவு வராவிட்டாலோ காத்திருக்காமல் காரைக்கால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னார். அப்பா வண்டியை வாசலிலேயே காரைக்கால் பக்கம் திருப்பி நிறுத்தி வைத்தார்.

மருந்துக்கடையில் பெண்ணோடு போன பாட்டிக்கு முதலில் நீட்டப்பட்டது ஒரு அட்டைப்பெட்டிப் பானம். பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று இருந்தது. சர்க்கரை நோயாளி என்பதால் பொருளடக்கத்தைப் படிக்கும் பழக்கம் பாட்டிக்கு உண்டு. சர்க்கரை அளவைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீரில் கரைக்கும் பொட்டலத்தைக் கேட்டு வாங்கினார். இது பெரிய உதவி. நீரிழந்த குழந்தைக்குச் சர்க்கரை மிகுந்த பானம் வயிற்றுப்போக்கைத் தூண்டி நிலைமையை மோசமாக்கும். இப்படிப்பட்ட பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் உத்தரவிட்டது. பொட்டலம் வாங்கும்போதும் எத்தனை தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பதைப் பார்த்துக் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு.

அரைமணி நேரத்தில் பையன் கண்ணைத் திறந்து ஸ்பூனைத் தானே பிடித்தான். இரண்டரைக்குச் சிறுநீர் வந்தது, அடர் மஞ்சளாக. நான்கு மணிக்கு அக்காவோடு சண்டை போட்டான். அப்போதுதான் அம்மா அழுதார்.

ஏன் நடந்தது

வெயிலும் தாமதமும் கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள். ஆனால் குறிப்புகளை மறுபடி படித்தபோது வேறொன்று தெரிந்தது. அன்று காலை முதல் வண்டியில் யாருமே ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டி குடிக்கவில்லை, அவர் எப்போதும் அப்படித்தான். அம்மாவும் குடிக்கவில்லை. முதல் நாள் வழியில் பார்த்த ஒரு கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாமல் திரும்பி வந்ததிலிருந்து, சேருமிடம் வரும்வரை அடக்கிக்கொள்வது என்று தனக்குள் முடிவு செய்திருந்தார். பையன் அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லக் கூடாது என்பதற்காக அவனுக்கும் தண்ணீரை வாய் நனையும் அளவுக்கே கொடுத்திருந்தார். இதை எவரும் கூடி எடுத்த முடிவாக நினைக்க வேண்டாம். கழிப்பறை கிடைக்காத சாலையில் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான், குழந்தைக்கும் நீண்டுவிட்டது. அப்பாவுக்கு இது தெரியவே இல்லை. ஆண்களுக்கு வழியில் நிறுத்த ஒரு மரம் போதும் என்பதால் அவர்கள் போடும் திட்டத்தில் கழிப்பறை வருவதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எத்தனை குளிர்ந்த தண்ணீர் பாட்டில் எடுத்துப் போனாலும், இறங்கிப் போக நல்ல இடம் இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் வண்டியில் இருக்கும் பெண்கள் அதைத் தொட மாட்டார்கள்.

அன்றைய மாலையும் புதிய திட்டமும்

ஐந்து மணிக்குக் கடற்காற்று வந்த பிறகு, 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையை வெளியிலிருந்து பார்த்தார்கள். டென்மார்க் எங்கே இருக்கிறது, இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள் என்று பெண் கேட்டதற்கு மிளகு வணிகத்தைப் பற்றி அப்பா சொன்னார். நாகூரை விட்டுவிட்டு, இருட்டும் நேரத்தில் வேளாங்கண்ணி சேர்ந்தார்கள்.

அன்றிரவு தொலைபேசியில் மறுநாள் திட்டத்தை மாற்றி எழுதினோம். இந்த முறை முதலில் எழுதியது இறங்கும் இடங்களை. வேளாங்கண்ணியிலிருந்து ராமேஸ்வரம் 200 கி.மீ.க்கு மேல், நடுவே பெரிய ஊர்கள் குறைவு. வரைபடத்தில் ஒன்றே கால் மணி நேரத்துக்கு ஒரு பெட்ரோல் பங்க் அல்லது குடும்பங்கள் வரும் உணவகம் என்று குறித்தோம். பெட்ரோல் பங்க்குகள் கழிப்பறையும் குடிநீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பெட்ரோல் போட்டுக்கொண்டே கேட்டால் சாவியும் எளிதில் வரும். அப்பா ஒரே தடவையில் டாங்கியை நிரப்பாமல் இரண்டு இடத்தில் பிரித்துப் போட்டது இதற்காகத்தான். முதலில் அம்மா இறங்கிப் பார்த்து, சரியில்லையென்றால் அடுத்த இடம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பிறகு எல்லோரும் தண்ணீர் குடிப்பது, ஓட்டுபவர் உட்பட. பையனின் சிறுநீர் நிறத்தை அம்மா பார்ப்பது.

நான்காம் நாள் அப்படியே ஓடியது. மல்லிப்பட்டினம் அருகே மனோராவில் காலை உணவு. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கட்டடம் அது. அங்கே கடல் குளம் மாதிரி கிடந்தது. பையன் முழங்கால் வரை இறங்கி உட்கார்ந்துவிட்டான். முழுப் பயணத்திலும் அவன் அதிக நேரம் சிரித்தது அங்கேதான் என்று குறிப்பு சொல்கிறது. பாட்டி அன்று மதியத்துக்குள் ஒரு பெரிய பாட்டிலைக் காலி செய்திருந்தார்.

ராமேஸ்வரமும் திரும்புதலும்

பாம்பனில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாமல் கடந்தார்கள். சாலைப் பாலத்திலிருந்தே, அந்த ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலமும் பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய பாலமும் தெரிந்தன.

மறுநாள் விடியலில் பாட்டி 22 தீர்த்தமும் ஆடினார். தரை முழுக்க ஈரம், முழங்கால் பலவீனம். ஆகவே அம்மா கூடவே போய் ஒவ்வொரு கிணற்றுக்கும் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். குழந்தைகள் அப்பாவோடு அறையில் தூங்கினார்கள். எல்லோரும் சேர்ந்தே எல்லாம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டது நல்ல முடிவு.

தனுஷ்கோடிக்கு ஆறாம் நாள் காலை, திருச்சிக்குக் கிளம்புமுன். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நிழல் என்று சொல்ல எதுவுமில்லை, அங்கே கடலில் இறங்குவதும் ஆபத்து. அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயத்தின் இடிபாட்டருகே பெண் நிறையக் கேள்வி கேட்டாள். அந்தப் புயலில் கடல் அடித்துப்போன ரயிலோடு மக்கள் போனதை எந்த அளவுக்குச் சொல்வது என்று அப்பா தயங்கினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

திருச்சியில் இரவு தங்கி, ஏழாம் நாள் மதியத்துக்குள் வீடு. பையனுக்கு அதன் பிறகு எந்தத் தொந்தரவும் இல்லை.

மாற்ற வேண்டியவை

மாதத்தை மாற்ற வேண்டும். இந்தக் கரைக்கு ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் உண்டு. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டம். பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை என்றால், முழுத் தூரம் வேண்டாம். புதுச்சேரி வரையோ தரங்கம்பாடி வரையோ போய்த் திரும்பலாம்.

பிச்சாவரம் போன்ற ஒரு பெரிய நிறுத்தமும் நீண்ட பயணமும் ஒரே நாளில் வரக் கூடாது. முந்தின நாள் மாலையே சிதம்பரம் போய்த் தங்கியிருந்தால் அந்தத் தாமதம் ஏற்பட்டிருக்காது.

ஒத்திகைப் பயணத்தில் தண்ணீரையும் கழிப்பறையையும் தனித்தனியாகக் கேட்டுக் குறிக்க வேண்டும். வீட்டுப் பெண்களிடம், ஆண்கள் பக்கத்தில் இல்லாதபோது. கூச்சத்தால் அவர்கள் வேறு விதத்தில் சொல்வதில்லை.

இரண்டாவது ஓட்டுநர் வேண்டும். அம்மா ஜூலையிலிருந்து ஞாயிறு காலைகளில் கோவளம் வரை ஓட்டிப் பழகுகிறார். பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தபடி கோடியக்கரைக்கு அடுத்த பிப்ரவரியில் போக இருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் நிறுத்தங்களை அம்மாவும் பாட்டியும்தான் குறிக்கிறார்கள்.